கோக் வளைவு ஆண்டெனா: அளந்து பார்க்க உதவி வேண்டும்

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகள் ஆறாம் படிவத்தில் இயற்பியல் படிக்கிறாள். பள்ளிச் செயல்திட்டத்துக்கு டிவி சிக்னல் பிடிக்கும் ஃபிராக்டல் ஆண்டெனா (ஒரே வடிவம் சிறிதாகிச் சிறிதாகித் திரும்பத் திரும்ப வருவது) செய்கிறாள், 500 மெகாஹெர்ட்ஸுக்கு. அலைநீளம் 60 சென்டிமீட்டர். நேரான கம்பி என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 28 சென்டிமீட்டர் போதும்.

அவள் செம்புக் கம்பியைக் குறட்டால் மடித்துக் கோக் வளைவாக்கியிருக்கிறாள். ஒவ்வொரு கோட்டிலும் நடு மூன்றிலொரு பங்கு முக்கோண மேடாகிறது, நீளம் 4/3 மடங்காகிறது. இரண்டாம் கட்டத்தில் 16/9 மடங்கு. மூலைகள் அவ்வளவு கூர்மையாக வந்திருக்கின்றன!

சிக்கல் இதுதான். கம்பி நீண்ட அளவுக்கு ஒத்ததிர்வு அலைவெண் (ஆண்டெனா நன்றாக வேலை செய்யும் அலைவெண்) இறங்கவில்லை. ஆண்டெனாவைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் நெக்2 (NEC2) மென்பொருள் அப்படித்தான் காட்டுகிறது. நெருக்கமான மடிப்புகள் ஒன்றையொன்று பாதிப்பதால் இருக்கலாம். சிறிய ஆண்டெனாவுக்குக் கதிர்வீச்சுத் தடையும் (அலையாக வெளியேறும் ஆற்றலுக்கு ஈடான மின்தடை) குறையும், அலைவரிசை அகலமும் (அது நன்றாக வேலை செய்யும் அலைவெண் வரம்பு) சுருங்கும். இதை அவள் அறிக்கையில் நேர்மையாக எழுத வேண்டும் என்பது என் ஆசை. (பக்கத்து வீட்டுப் பாட்டி கதிர்வீச்சு என்றதும் பயந்துவிட்டார். இது சிக்னலை வாங்குகிற ஆண்டெனாதான், பயமில்லை என்று சொல்லியிருக்கிறோம்.)

நெக்2-இல் இந்தக் கூர்மையான மூலைகளுக்குக் கம்பியை எவ்வளவு சிறு துண்டுகளாகப் பிரிக்கலாம்? துண்டின் நீளம் கம்பித் தடிமனுக்கு அருகில் போனால் கணக்கு கெடும் என்கிறார்கள். அப்புறம், ஈப்போ, கோலகங்சார் பக்கம் யாரிடமாவது ஆண்டெனாவின் ஒத்ததிர்வை அளக்கும் நானோவிஎன்ஏ (NanoVNA) கருவி இருந்தால், உங்கள் வீட்டுக்கே வந்து அளந்துகொள்கிறோம். சனி, ஞாயிறு எந்த நேரமும் சரி.