கோழிக் காவலுக்கு வாங்கின சிப்பிப்பாறை நாய் கோழியையே துரத்துது, என்ன பண்ணலாம்?

தோட்டத்துவீடு_ஒட்டன்சத்திரம்
எல்லாருக்கும் வணக்கம். தோட்டத்துல சிறுவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறேன், பெட்டையும் சேவலுமா முப்பது உருப்படி, குஞ்சுங்க தனி. பகல்ல மேய விட்டு, பொழுது சாய்ஞ்சா கொட்டகையில அடைக்கிறேன். பங்குனியில இருந்து குறைஞ்சுக்கிட்டே வருது. பகல்ல குஞ்சு காணாமப் போகுது, ஒரு தூவி கூட கிடக்காது. ராத்திரி நடக்கிறது வேற மாதிரி. காலைல கொட்டகையத் திறந்தா மூணு நாலு கோழி கழுத்துல கடிபட்டுச் செத்துக் கிடக்கு. ஒண்ணைத்தான் பாதி தின்னிருக்கு, மத்ததெல்லாம் சும்மா கொன்னு போட்டிருக்கு.

இதுக்காகவே சிப்பிப்பாறை குட்டி வாங்கினேன். இப்ப ஏழு மாசம். கோழி றெக்கையடிச்சு ஓடினா பின்னாடியே பாயுது. போன வாரம் ஒரு வெடைக்கோழியக் கவ்விடுச்சு. உயிர் பிழைச்சிடுச்சு, முதுகுத் தோல்தான் கிழிஞ்சிருக்கு. ராத்திரி கொட்டகை வாசல்ல கட்டினா குரைக்குது, நான் டார்ச் எடுத்துட்டுப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுது. இதைக் குடுத்துட்டு ராஜபாளையம் எடுத்தா சரியாகுமா?

கொங்குப்பண்ணை
நாயை அப்புறம் பாக்கலாமுங்க. திருடன் யாருன்னு மொதல்ல கண்டுபிடிங்க. எனக்கு இது ரெண்டு திருடனாத் தெரியுது. பகல்ல குஞ்சு தடயமில்லாமப் போனா கீரி, இல்லீன்னா வல்லூறு. பாம்பு முழுங்கினாலும் தடயம் இருக்காது. ராத்திரி பூந்து தேவைக்கு மேல கொன்னு போடுறது பெரும்பாலும் மரநாய், அதாவது புனுகுப்பூனை இனமுங்க. காட்டுப்பூனையா இருந்தா பெரும்பாலும் ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிரும். தகரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல சந்து இருக்குதுங்களா? பக்கத்துல தென்னையோ முருங்கையோ கூரை மேல சாய்ஞ்சிருக்குதா?

மண்வெட்டி77
எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? செத்த கோழியில குருணை மருந்தைத் தடவி வைங்க. ஒரே ராத்திரியில தீர்ந்துடும்.

கொங்குப்பண்ணை
@மண்வெட்டி77 அதை மொதல்ல தின்னப்போறது அவரோட நாய். அடுத்தது பக்கத்துத் தோட்டத்து நாய். கீரி, மரநாய் எல்லாமே 1972 வனவிலங்குச் சட்டத்துக்குள்ள வருது, கொன்னா கேஸ். இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீங்க.

வேட்டைநாய்_பிரியன்
தோட்டத்து அண்ணா, உங்க நாய் மேல தப்பில்ல. சிப்பிப்பாறை முயலைக் கண்ணால பாத்துத் துரத்தறதுக்குன்னே வந்த இனம். கன்னி நாயும் அப்படித்தான். எதிர்ல ஒண்ணு ஓடினா அதுக்குக் கால் நிக்காது. ராஜபாளையம் காவலுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுவும் பன்றி வேட்டைக்குப் போன நாய். கோழியோட பழகாம வளர்ந்தா அதே கதைதான். அப்படியும் எடுக்கறதா இருந்தா, முழு வெள்ளைக் குட்டிங்கள்ல காது கேக்காதது வரும். பின்னாடி நின்னு கை தட்டிப் பாத்து, திரும்பினா மட்டும் வாங்குங்க.

இப்ப இருக்கறதையே பழக்கலாம். ஏழு மாசம் விளையாட்டு வயசு. ஒன்றரை வருஷம் ஆகற வரைக்கும் கோழியோட தனியா விடவே கூடாது. பதினஞ்சு அடிக் கயிறு கட்டி, நீங்க கோழிக்குத் தீனி போடும்போது கூடவே உக்கார வைங்க. காது விறைச்சு, உடம்பைத் தாழ்த்தி ஒரே கோழியை உத்துப் பாக்குது பாருங்க, அந்த நொடியில கூப்பிடணும். பாய்ஞ்சப்புறம் கத்தினா அதுக்கு அதுவும் விளையாட்டுதான். உங்க பக்கம் திரும்பினா கருவாட்டுத் துண்டு ஒண்ணு குடுங்க. அதுக்கு முன்னாடி விடியக்காலையில வயலைச் சுத்தி நல்லா ஓட விட்டுடுங்க. களைச்ச நாய்தான் பாடம் படிக்கும்.

தோட்டத்துவீடு_ஒட்டன்சத்திரம்
கொங்கு அண்ணா, ஏணி போட்டு ஏறிப் பாத்தேன். தகரத்துக்குக் கீழ நாலு விரல் சந்து இருக்கு. சுவத்துல நகம் கீறின கோடு. கூரை ஓரத்துல காய்ஞ்ச எச்சம், உள்ள முழுக்க பழ விதை.

கொங்குப்பண்ணை
விதை இருந்தா மரநாயேதான். பழமும் தின்னும், கோழியும் தின்னும். கோழி வலை போட்டு அடைக்காதீங்க, அதைப் பிச்சிரும். அரை இஞ்ச் வெல்டு மெஷ் கம்பி வலை வாங்கிச் சந்தை முழுக்க அடைங்க. அதையே தரையோரமா ஒரு அடி வெளிப்பக்கம் படுக்கப் போட்டு மண்ணை மூடுங்க, தோண்டற ஆளும் நின்னுருவான். கூரை மேல வர்ற கிளையை வெட்டுங்க. கதவுக்குக் கொண்டி மட்டும் பத்தாது, தாழ்ப்பாள் வேணும். ராத்திரிக் காவல் கொட்டகையோட வேலைங்க. கட்டிப்போட்ட நாய் உங்களை எழுப்பும், அவ்வளவுதான்.

செல்லாயி_மேலூர்
தம்பி, சாதி நாய்க்கு ஏன் காசைக் கொட்டுறீக? எங்க வீட்டுல இருக்கது தெருவுல எடுத்த பொட்டநாய். கண்ணு முழிச்ச நாள்ல இருந்து பஞ்சாரத்துக்குப் பக்கத்துலயே கிடந்து வளந்துச்சு. இப்ப கோழி அது முதுகுல ஏறி நிக்குது. சேவல் ஒரு மாதிரி இழுத்துக் கத்துனா வானத்தைப் பாத்துக் குரைக்குது, வல்லூறு இறங்க மாட்டேங்குது. ஆனா குஞ்சை நாயை நம்பி விட மாட்டேன். கோழிக் குஞ்சு புறா அளவு வர்ற வரைக்கும் பஞ்சாரந்தான், இல்லாட்டி மீன் வலை கட்டுன பந்தலுக்குக் கீழதான் மேய்ச்சல்.

கோழி அறுத்த கழிவை நாய்க்குப் போடுறீகளா? பச்சை ரத்த ருசியும் தூவி வாசமும் பழகிட்டா அப்புறம் தடுக்குறது சிரமம்னு சொல்லுவாக. போடுறதுன்னா எலும்பு எடுத்து, வேக வச்சு, சோத்தோட பிசைஞ்சு போடுங்க. வெறிநாய் ஊசி போட்டாச்சா? கீரியோட மல்லுக்கு நிக்கிற நாய்க்கு அது வருசா வருசம் தப்பக் கூடாது.

தோட்டத்துவீடு_ஒட்டன்சத்திரம்
ஊசி போட்டாச்சுக்கா. கழிவு போட்டது உண்மைதான், நிறுத்திடறேன். மெஷ் நாளைக்கு ஒட்டன்சத்திரத்துல வாங்கறேன். இன்னொண்ணு, முட்டையையும் உடைச்சுக் குடிக்குது. முட்டைக்குள்ள மிளகாய்ப்பொடி வச்சா நிறுத்திடும்னு சொல்றாங்களே?

வேட்டைநாய்_பிரியன்
நான் பாத்த வரைக்கும் அதுக்குப் பாதி நாய் அசர்றதே இல்ல, வயித்தாலதான் போகும். கோழி முட்டை வைக்கிற அடைப்பானையை நாய் எட்டாத உயரத்துக்கு ஏத்துங்க, மதியத்துக்கு முன்னாடி ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் முட்டையைப் பொறுக்கிடுங்க. வெடைக்கு எப்படி இருக்கு? காயத்துல ஈ மொய்க்குதான்னு பாருங்க, புழு வச்சிடும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சுத் தடவி, ஆறற வரைக்கும் தனியா அடைச்சு வைங்க. சிவப்பைப் பாத்தா மத்த கோழிங்களே கொத்தும்.