நோட்டீஸ் ‘சர்வீஸ்’: சார்வா, சேர்ப்பிப்பா?
(மும்பைப் பகுதிப் பெயர்களில் எழுதுவோரின் உரையாடல்)

தாராவி:
கடன் கட்டாதவரின் ஈட்டை வங்கி நீதிமன்றம் போகாமலே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம் (2002) பற்றிய தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடனில் தையல் மெஷின் வாங்கிய பட்டறைக்காரர்களுக்கானது. பொருளைக் கையில் வைத்துக்கொண்டே அதை ஈடாகக் காட்டும் ஹைபாத்திகேஷனுக்குப் ‘பற்றுரிமை’, நோட்டீஸைச் சட்டப்படி கொடுப்பதான நோட்டீஸ் சர்வீஸுக்குச் ‘சேர்ப்பித்தல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மாட்டுங்கா:
பற்றுரிமை வேண்டாம் ஐயா, அது லியன், அதாவது பாக்கி தீரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை. லியனையும் அடகையும் 31-ஆம் பிரிவு இந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறது. நகையை அடகு வைத்தவர் இதைப் படித்துவிட்டு 60 நாளில் கடனைக் கட்டச் சொல்லும் நோட்டீஸுக்குக் காத்திருந்தால் என்ன ஆவது? பொருள் கடனாளி கையிலேயே இருப்பதால் ‘உடைமை மாறா ஈடு’ எனலாம்.

சேர்ப்பித்தலும் பொருந்தாது. ஆள் நழுவினால் வெளிக்கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் வெளியிட்டாலே போதும் என்கிறது இந்தச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளில் விதி 3. அதில் ஒன்று வட்டார மொழி இதழ். இங்கே அது மராத்தி. ‘வாங்க மறுத்தார்’ என்று திரும்பிவந்த பதிவுத் தபாலையும் நீதிமன்றங்கள் சர்வீஸாகவே கொள்கின்றன. கைக்குச் சேராமலே நிறைவேறுவது இது. நீதிமன்றத் தமிழில் ‘சார்வு செய்தல்’ இருக்கிறதே!

செம்பூர்:
சார்தல் தன்வினை. நோட்டீஸ் தானாகவா சாரும்? பிறவினை ‘சார்த்துதல்’. ‘சார்த்துகை’ என்று பெயராக்கலாம். ‘ஓலை போக்குதல்’ என்ற பழவழக்கும் உண்டு.

தாராவி:
போக்கினால் மட்டும் போதாதே, போய்ச் சேர்ந்ததாகச் சட்டம் ஏற்க வேண்டும். சார்த்துகை என்றால் கதவைச் சாத்துவதாகத்தான் காதில் விழும்.

முலுண்டு:
எந்தச் சொல்லானாலும் பக்கத்தில் ‘நோட்டீஸ் சர்வீஸ்’ இருக்கட்டும். பட்டறையில் புழங்குவது அதுதான். பஞ்சநாமாவை (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) மொழிபெயர்க்காதீர்கள், மும்பையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் விவரம் விடுபடக் கூடாது: மெஷினை எடுக்கும்போது இரண்டு சாட்சிகள் பஞ்சநாமாவில் கையெழுத்திட வேண்டும், பொருள்பட்டியலின் நகல் கடனாளிக்கு வர வேண்டும், விற்பனைக்கு முன் 30 நாள் நோட்டீஸ் தனி. ஈட்டை வங்கி செர்சாயில் (ஈடுகளுக்கான மத்தியப் பதிவகம்) பதிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பதியாமல் நடவடிக்கை எடுக்க 26டி பிரிவு இடம் தராது. எடுத்தபின் கடன் தீர்ப்பாயம் போக 45 நாள்தான்.

மாட்டுங்கா:
60 நாள் கெடுவுக்குச் சட்ட வாசகம் ‘நோட்டீஸ் தேதியிலிருந்து’ என்கிறது. ‘கிடைத்த நாளிலிருந்து’ என்று எழுதிவிடாதீர்கள்.

தாராவி:
திருத்திவிட்டேன். மூவர் ஒப்பியதால் ‘சார்வு (நோட்டீஸ் சர்வீஸ்)’ போகிறது. ‘உடைமை மாறா ஈடு’ நீளம்தான், வேறு கிடைக்கும்வரை இருக்கட்டும்.

செம்பூர்:
எனக்கு ஒப்புதல் இல்லை. தன்வினையைப் பிறவினைப் பொருளில் அச்சேற்றுகிறோம். சார்த்துகையை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.