திரும்பி வந்த ரத்தப் புற்றுக்கு என்ன சொல்? (திங்களுக்குள் வேண்டும்)

கோரிமேட்டிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். ஒரு மருந்து ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்குகிறேன். நோய், அக்யூட் மைலாய்டு லுகேமியா. வெனிட்டோகிளாக்ஸ், அசாசிட்டிடின் இரண்டோடு மூன்றாவதாக ஒரு புது மருந்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். சேர்பவர்கள் இரு வகை: நோய் அடங்கியபின் எலும்பு மஜ்ஜையில் புற்றணுக்கள் மறுபடி 5 விழுக்காடோ அதற்கு மேலோ ஏறியவர்கள், இரண்டு சுற்றுக் கடும் கீமோவுக்கும் அடங்காதவர்கள். பழைய படிவத்தில் "மீண்ட புற்றுநோயாளி" என்றிருக்கிறது. பிழைத்துக்கொண்டவர் என்றல்லவா படுகிறது?

நெல்லிக்குப்பத்திலிருந்து:
"மறித்தெழு குருதிப்புற்று", "அடங்காக் குருதிப்புற்று". பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும். ரத்தம் வேண்டா, வடசொல்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
புலவர் ஐயா, கடலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற அம்மாவிடம் குருதி என்றால் தானம் கேட்கிறோம் என்று நினைப்பார். நான் வார்டில் நர்ஸாக இருந்தவள். "போன நோவு திரும்பிடுச்சு", "மருந்துக்குக் கேக்கல" என்று அவர்களே சொல்வார்கள். அதையே எழுதினால் என்ன?

நெல்லிக்குப்பத்திலிருந்து:
கேளா! அருமை, அம்மா. கேள் என்றால் உறவுமாகும். கேளிர், கேண்மை எல்லாம் அதன் கிளை. மருந்தோடு உறவாடாத புற்று என்றும் விரியும். "மருந்துகேளாப் புற்று", நான்காம் வேற்றுமைத்தொகை. கிளை என்ற சொல்லுக்கும் இதுவே வேரா என்று நாளை விரிவாக எழுதுகிறேன்.

வில்லியனூரிலிருந்து:
நாளைக்கு வேண்டாம் ஐயா, அவசரம் அவருக்கு. "கூட்டு மருந்து" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். சித்த மருத்துவத்தில் அது திரிகடுகு மாதிரி ஒன்றாக இடித்த சூரணம். இங்கே வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரை, அசாசிட்டிடின் ஊசி. "இணைமருந்துகள்" பொருந்தும்.

கோரிமேட்டிலிருந்து:
சரி. "சிகிச்சை" என்றும் எழுதத் தயக்கம். முதற்கட்டத்தில் தேடுவது தாங்கக்கூடிய அளவைத்தான். மூன்று பேருக்கு ஓர் அளவு. ஒருவருக்குக் கடும் பாதிப்பு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேர். குணமாகும் என்ற வாக்கு எங்கும் இல்லை. "இணைமருந்துச் சோதனை"?

முத்தியால்பேட்டையிலிருந்து:
தம்பி, ஏற்கெனவே அவர்களுக்கு வந்திருப்பதே சோதனை. "ஆய்வு" போடுங்கள்.

கோரிமேட்டிலிருந்து:
திரும்பிய ரத்தப் புற்று, மருந்துக்குக் கேளாத ரத்தப் புற்று, இணைமருந்து ஆய்வு. அனுப்பிவிட்டேன். நன்றி.

நெல்லிக்குப்பத்திலிருந்து:
ரகரம் மொழிக்கு முதலாகாது. முன்னால் ஓர் இகரமாவது போட்டீர்களா?