பெட்டிக்குள் புழு தலையைத் தூக்கிக்கொண்டு சாகிறது, மருந்து உண்டா?

ரப்பர்க்காடு:
வணக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் 14 பெட்டி வைத்திருக்கிறேன், எல்லாம் நம்ம இந்தியத் தேனீ. ரப்பர் துளிர்த்துத் தேன் சுரக்க இன்னும் ஒன்றரை மாதம்தான், அதற்குள் கூட்டம் பெருகட்டும் என்று வாரம் ஒருமுறை சர்க்கரைப் பாகு வைக்கிறேன். போன வாரம் திறந்தால் இரண்டு பெட்டியில் புழு அடை, அதாவது புழு வளரும் அடை, திட்டுத்திட்டாக இருக்கிறது, மூடிய அறைகளில் ஓட்டை, உள்ளே புழு செத்து, தலை மட்டும் படகு மூக்கு மாதிரி மேலே வளைந்து நிற்கிறது. நாற்றம் பெரிதாக இல்லை. அடை கட்டும் மரச் சட்டம் ஒன்றில் நூலாம்படை மாதிரி வலையும் இருக்கிறது. ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாகில் கலந்து கொடு என்கிறார் ஒருவர். நல்ல பெட்டியிலிருந்து இரண்டு புழு அடை எடுத்து இதில் வை, தேறிவிடும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பழையபெட்டி:
தம்பி, இரண்டையும் செய்யாதே. முதலில் ஒரு தீக்குச்சி எடுத்து, செத்த புழுவை மெல்லத் தூக்கிப் பார். தோல் கிழியாமல், தண்ணீர் கட்டிய குட்டிப் பை மாதிரி முழுசாக வந்தால் அது தாய் சாக்புரூட் வைரஸ். பசையாக நூல் இழுத்து, அழுகல் வாடையும் அடித்தால் பாக்டீரியா நோய், அதற்கு வழி வேறு. நீ சொல்லும் படகு மூக்கைப் பார்த்தால் வைரஸ் என்றுதான் படுகிறது.

வைரஸ் மேல் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, கடைசியில் தேனில்தான் போய்த் தங்கும். தாய்லாந்தில் 1976இல் கண்ட நோய், அதனால்தான் அந்தப் பெயர். 1991, 92 வாக்கில் தெற்கே வந்தபோது மார்த்தாண்டம் வட்டாரத்தில் பெட்டி பெட்டியாகக் காலியானது. என் அப்பா வைத்திருந்த 60 பெட்டியில் 3 மிஞ்சியது. வாசலில் ஈ நடமாட்டமே இல்லாத பெட்டிகளை அவர் ஒவ்வொன்றாகத் திறந்து மூடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு நாங்கள் செய்த தப்பு, மெலிந்த பெட்டிக்குப் பலம் கொடுக்கிறோம் என்று சட்டம் மாற்றி மாற்றி வைத்ததுதான். செத்த புழுவை இழுத்துப் போடுகிற இளம் ஈயின் வாயில் வைரஸ் ஒட்டும், அதே ஈதான் அடுத்த புழுவுக்கு ஊட்டப் போகும். ஈயைப் பார்த்தால் நோய் இருப்பதே தெரியாது.

மலையோரம்:
அண்ணன் சொன்னது சரி. நான் செய்து பலன் கண்டதைச் சொல்கிறேன். ராணியைப் பிடித்துக் கூண்டில் அடைத்து அதே பெட்டிக்குள் வையுங்கள், 3 வாரம். புது முட்டை விழாவிட்டால் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் வைரஸ் பெருக இடமில்லை, அதற்குள் ஈக்களும் அறைகளைத் துப்புரவு செய்துவிடும். இடையில் புது ராணி வளர்க்க ஈக்கள் ராணி அறை கட்டினால் கிள்ளிவிடுங்கள். நோய் முற்றிய அடைகளை வெளியே எறியாதீர்கள், எரித்துவிடுங்கள். கத்தி, கை, கையுறை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அடுத்த பெட்டி, நோய்ப் பெட்டி எப்போதும் கடைசியில். பாகு ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தக் கூடாது, சிந்தினால் மற்ற பெட்டி ஈக்கள் புகுந்து கொள்ளையடிக்கத் தொடங்கும், ஒரே நாளில் நோய் தோட்டம் முழுக்கப் போய்விடும்.

அப்புறம் அந்த வலை, மெழுகு அந்துப்பூச்சி. கூட்டம் மெலிந்ததால் உள்ளே வந்தது, நோய்க்குக் காரணம் அது இல்லை. ஈ மூடாத சட்டங்களை எடுத்துவிட்டு வாசலைக் குறுக்குங்கள், போதும்.

ரப்பர்க்காடு:
குச்சியால் தூக்கினேன், பை மாதிரியே வந்தது. ஒன்று உடைந்து உள்ளே கலங்கல் தண்ணீர். மனசு கஷ்டமாகிவிட்டது. இரண்டு ராணியையும் கூண்டில் போட்டாயிற்று. மிச்சம் 12 பெட்டியையும் பார்த்தேன், இதுவரை சுத்தம். ஒரு சந்தேகம், இந்த இரண்டிலும் ரப்பர் தேன் எடுக்க முடியுமா?

பழையபெட்டி:
இந்த வருஷம் அந்த இரண்டையும் மறந்துவிடு. ரப்பரில் இலைக்காம்பில் சுரப்பதுதான் தேன், மகரந்தம் அதில் கிடைக்காது, நோயிலிருந்து எழும் கூட்டத்துக்கு அது பற்றாது. தென்னை, முருங்கை இருக்கிற பக்கம் தள்ளி வை. அடுத்த வருஷம் கூட்டம் பிரிக்கும்போது, நோய் சுற்றி வந்தும் ஒரு புழு கூடச் சாகாத பெட்டி எது என்று பார்த்து, ராணி அறையை அதிலிருந்து மட்டும் எடு. அப்பாவுக்கு மிஞ்சிய 3 பெட்டியிலிருந்துதான் இன்று என்னிடம் இருக்கிற 45ம் வந்தது. இன்றே ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு நோட்டில் எழுத ஆரம்பி, 10 நாள் கழித்து அந்த 12ஐயும் திறந்து பார்த்துச் சொல்.