கேரன் கார்பென்டர் டிரம்ஸை விட்டுப் பாட மட்டும் வந்தது ஏன்?

தாழம்பூ:
அமெரிக்க அண்ணன்-தங்கை இசைக் குழுவான கார்பென்டர்ஸின் பாட்டுகளை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். கேரன் முதலில் டிரம்மர் என்று படித்தேன். அப்புறம் ஏன் மைக்கோடு முன்னால் வந்து நின்றார்?

தாளக்காரன்:
மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவன் நான். கேரனைப் பற்றி யார் கேட்டாலும் பேசுவேன்.

கலிபோர்னியாவின் டௌனியில் பள்ளியில் படிக்கும்போது, உடற்பயிற்சி வகுப்புக்குப் போகப் பிடிக்காமல் பேண்டில் சேர்ந்தவர் அவர். கைக்குக் குச்சி வந்ததும் விடவில்லை. 1969-இல் வந்த முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் அவருடையதுதான். 1970-இல் 'குளோஸ் டு யூ' பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எல்லோருக்கும் அந்தக் குரல்காரியைப் பார்க்க வேண்டும். அவரோ ஐந்தடி நாலங்குலம். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் முகமே சரியாகத் தெரியாது. முன்னால் வா என்று சொல்லிச் சொல்லியே கொண்டுவந்தார்கள், அவருக்கு மனசில்லை. ஸ்டுடியோவிலும் பல பாட்டுகளுக்கு ஹால் பிளெய்ன் என்ற டிரம்மர்தான் வாசித்தார். பிளெய்ன் மகா கலைஞர், சரி. இருந்தாலும் எனக்கு ஆறவில்லை.

அவர் பாட்டிலேயே டிரம்மர் இருக்கிறார். வரியின் கடைசிச் சொல்லை இழுத்து அலங்கரிக்க மாட்டார். அளவோடு விட்டு, அடுத்த அடிக்குள் மூச்சை எடுத்துவிடுவார். ஹெட்போனில் அந்த மூச்சே கேட்கும்.

மாடிவீடு:
அண்ணன் ரிச்சர்டையும் சொல்லுங்கள். பின்னால் பெரிய கோரஸ் பாடுவதுபோல் கேட்பது, பெரும்பாலும் இவர்கள் இருவர் குரலையும் அடுக்கடுக்காகப் பதிவு செய்தது. ஒரு வங்கி விளம்பரத்தில் கேட்ட மெட்டை 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' என்று முழுப் பாட்டாக எடுத்தவரும் அவர்தான்.

தாழம்பூ:
32 வயதில் இறந்தது உணவு ஒதுக்கும் நோயாலா?

தாளக்காரன்:
ஆமாம், அனோரெக்சியா. 1975-இலேயே உடம்பு மெலிந்து, பிரிட்டன், ஜப்பான் பயணங்களை ரத்து செய்தார்கள். 1983 பிப்ரவரி 4 அன்று இதயம் நின்றுவிட்டது. டிரம்ஸைவிட்டு முன்னால் நிற்க வைத்ததுதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரே வரியில் முடிக்கிற நோய் இல்லை அது.

எனக்குப் பொறுக்காதது வேறு. நியூயார்க்கில் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ரமோனோடு 1979, 80-இல் தனி ஆல்பம் பாடினார். ரெக்கார்டு கம்பெனி அதை வெளியிடவில்லை. 1996-இல்தான் வந்தது, அவர் போய்ப் பதின்மூன்று வருடம் கழித்து.

முதலில் 1976 தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் டிரம்ஸ் வாசிக்கும் பகுதியைப் பாருங்கள். அப்புறம் அந்தத் தனி ஆல்பத்தைக் கேளுங்கள்.