புதுப்பிப்பு: பந்தயத்துக்கு முந்தின நாள் துடுப்பைத் தொடலாமா?

கயாக் (ஒல்லியான துடுப்புப் படகு) பந்தயத்துக்கு முந்தின நாள் பயிற்சியா, ஓய்வா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் "தொடாதே", மீதிப் பேர் "லேசாகப் போடு". நான் லேசாகப் போட்டேன்.

காலையில் முத்துப்பேட்டை லகூனில் 20 நிமிடம், மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகம். இடையே பத்துத் துடுப்பு வேகமாக, மூன்று முறை. அவ்வளவுதான். ஆனால் நீர் வற்றும் நேரம் என்பதை மறந்துவிட்டேன். கோரையாறு கலக்கும் பக்கம் சுக்கான் (படகைத் திருப்பும் பின்பக்கத் தகடு) சேற்றில் குத்தி நின்றது. இறங்கினால் முழங்கால் வரை கருஞ்சேறு. போதாததற்கு அலையாத்தியின் மூச்சுவேர்கள் ஆணி மாதிரி. தள்ளிவிட்ட மீனவ அண்ணன், "நாளைக்கும் இப்படித்தானா தம்பி?" என்றார்.

சரி, வீட்டில் சேறு கழுவும்போது பார்த்தால் சுக்கானை இழுத்துத் திருப்பும் கம்பியில் இரண்டு இழை பிரிந்து, நூலாட்டம் நிற்கிறது! இது இன்று பிரிந்ததல்ல, துரு ஏறியிருந்தது. படகைத் தொடாமல் இருந்திருந்தால் நாளை நடு ஆற்றில்தான் தெரிந்திருக்கும். கம்பி மாற்றியாயிற்று.

மதியம் ரசம் சோறு, தூக்கம். இறால் தொக்கு நாளை இரவுக்கு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா முகம்தான் கொஞ்சம் சுருங்கியது.