ஃபுல்பேக்குக்கு அணியில் இன்னும் இடம் தேவையா?

நாலாவதுடவுன்:
"என்எஃப்எல்லில் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஃபுல்பேக் திரும்பி வந்துவிட்டார்" என்று நாலு பேர் சேர்ந்து கொண்டாடிக்கொண்டிருக்கிறீர்கள். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கு முன்னால் போய், எதிராளியை மோதித் தடுத்து (பிளாக்) வழி திறப்பவர்தானே அவர்? எனக்கென்னவோ இது பழைய ஏக்கமாகத்தான் தெரிகிறது. ஓர் அணியில் 53 பேருக்குத்தான் இடம். அதில் பாதி ஆட்டம் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஓர் இடம் எதற்கு? 2024ல் ஈகிள்ஸ் அணியின் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடினார், முன்னால் முழுநேர ஃபுல்பேக் யாரும் கிடையாது, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் ஈகிள்ஸுக்கே. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கரிபுழுதி:
அதே 2024ல் டெரிக் ஹென்றி 1,921 யார்டு ஓடினாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் ப்ரோ? ரேவன்ஸ் அணியில் அவருக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் ஃபுல்பேக் பேட்ரிக் ரிக்கார்ட், கிட்டத்தட்ட 300 பவுண்டு. 2017ல் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) யாருமே எடுக்காமல், டிஃபென்ஸ் ஆளாக உள்ளே வந்தவர். பார்க்லிக்கு லீகிலேயே முதல்தர லைன் (முன்வரிசையில் நின்று தடுப்பவர்கள்) இருந்தது. எல்லா அணிக்கும் அது வாய்க்குமா?

நாலாவதுடவுன்:
லைன் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், ஓடக்கூடியவர் என்றால் டிஃபென்ஸின் ஓர முனையில் இருப்பவரைத் தடுக்கவே வேண்டாம். ஈகிள்ஸின் ஜேலன் ஹர்ட்ஸ் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடியே அந்த ஆளைப் பார்ப்பார், அவர் உள்ளே பாய்ந்தால் பந்தை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுவார், நின்றால் கொடுத்துவிடுவார். ஆள் தொடாமலே ஒரு பிளாக் முடிந்தது. ஃபுல்பேக் செய்த வேலையைப் பார்வையாலேயே செய்துவிட்டு, மிச்சமான இடத்தில் கூடுதலாக ஒரு ரிசீவரை (பாஸ் பிடிப்பவர்) நிறுத்திவிடலாம்.

கரிபுழுதி:
அப்படியானால் லமார் ஜாக்சனை வைத்திருந்த ரேவன்ஸ் ஏன் ரிக்கார்டையும் வைத்திருந்தது? அவரைவிட நன்றாக ஓடும் குவார்ட்டர்பேக் யார்? 2019ல் அந்த அணி ஓடியது 3,296 யார்டு, என்எஃப்எல் சாதனை. அந்தப் பார்வையும் இருந்தது, இந்த 300 பவுண்டும் இருந்தது.

மூஸ்ரசிகன்:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன் தம்பிகளா, நீங்கள் பேசுவது ஒரே வேலையைப் பற்றியே இல்லை. நான் கவ்பாய்ஸ் அணியின் ஃபுல்பேக் டேரில் ஜான்ஸ்டன் காலத்து ஆள். குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நாலு யார்டில் கையை ஊன்றி நிற்பார், பந்து அசைந்ததும் லைனில் திறந்த வழிக்குள் தலையைக் கொடுத்து டிஃபென்ஸ் லைனுக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கரை நேருக்கு நேர் மோதுவார், ரன்னிங் பேக் எம்மிட் ஸ்மித் பந்தோடு பின்னாலேயே போவார். இதுவே ஆட்டத்துக்கு ஆட்டம், வருடத்துக்கு வருடம். ஸ்மித்துக்கு 18,355 யார்டும் ஹால் ஆஃப் ஃபேமும் கிடைத்தன, ஜான்ஸ்டனோ கழுத்துக் காயத்தால் விலகினார். கறிவேப்பிலை மாதிரிதான் அந்தப் பிழைப்பு. அது ஒழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் இன்றைக்கு 49ஆர்ஸ் ஃபுல்பேக் கைல் யூஸ்செக் செய்வது வேறு வேலை.

நாலாவதுடவுன்:
ஐயா, அந்த யூஸ்செக்கையே 2025 மார்ச்சில் 49ஆர்ஸ் கழற்றிவிட்டதே! அந்த அணியின் பயிற்சியாளர் ஷானஹனுக்கே அவர் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மற்றவர்கள் கதை என்ன?

கரிபுழுதி:
கழற்றிவிட்டு ஒரு வாரத்துக்குள் திரும்பக் கூப்பிட்டதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? அவரை வைத்து என்ன செய்கிறார்கள் என்று ஒரே ஒரு பிளேயை நிறுத்திப் பாருங்கள். முதலில் ரன்னிங் பேக்குக்கு முன்னால் நிற்பார். பந்து அசையும் முன்பே மோஷனில் ஓரத்துக்கு நகர்வார். ஒரு லைன்பேக்கர் கூடவே ஓடிப்போனால் மேன் கவரேஜ் (ஆளுக்கு ஆள் காவல்) என்று குவார்ட்டர்பேக்குக்குத் தெரிந்துவிடும், ஆள் போகாமல் கையை மட்டும் காட்டினால் சோன் (அவரவர் பகுதியைக் காப்பது). அங்கிருந்து திரும்ப உள்ளே வந்து பிளாக்கும் செய்வார், பாஸுக்கும் ஓடுவார். இதில் டிஃபென்ஸ் யாரை இறக்குவது? அவருக்காகக் கனமான லைன்பேக்கரைச் சேர்த்தால் ரன்னிங் பேக் மெக்காஃப்ரி பாஸ் பிடித்துப் போய்விடுவார், சிறிய ஆட்களையே வைத்தால் நேராக ஓடி மிதிப்பார்கள். 2023ல் லீகிலேயே அதிக யார்டு ஓடியவர் மெக்காஃப்ரி, 1,459.

நாலாவதுடவுன்:
இதையெல்லாம் இரண்டாவது டைட் எண்ட் (லைன் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) செய்ய மாட்டாரா? பாஸ் பிடிப்பதில் அவர் இன்னும் மேல். சீஹாக்ஸ் 2025ல் ஃபுல்பேக் என்று எடுத்த ராபி ஔட்ஸே அலபாமாவில் டைட் எண்ட்தான். சார்ஜர்ஸ் அந்த இடத்தில் ஸ்காட் மேட்லாக்கை நிறுத்தியது, அவர் டிஃபென்ஸ் லைன் ஆள். கல்லூரிகளில் பெரும்பாலும் ஸ்பிரெட் ஆட்டம் (ரிசீவர்களை அகலப் பரப்பி ஆடுவது), ஃபுல்பேக்கை உருவாக்குவதே குறைந்துபோனது. சரக்கே வராத கடையை எத்தனை நாள் திறந்து வைப்பீர்கள்?

மூஸ்ரசிகன்:
எங்கிருந்து வந்தார் என்பதா முக்கியம், எங்கே நிற்கிறார் என்பதல்லவா? டைட் எண்ட் லைனில் நின்றால் கூடுதல் இடைவெளி எந்தப் பக்கம் என்று டிஃபென்ஸுக்கு முன்பே தெரியும், அதற்கேற்ப ஆளை அடுக்கிவிடும். பின்னால் நாலு யார்டில் நிற்பவர் வலது பக்கம் போவாரா இடது பக்கம் போவாரா என்பது பந்து அசைந்த பிறகுதான் தெரியும். லைன்பேக்கர் அரை நொடி தயங்கினாலே போதும். இன்று நிக்கல்தான் வழக்கமான டிஃபென்ஸ், அதாவது களத்தில் ஐந்து டிஃபென்ஸிவ் பேக்குகள் (பாஸைத் தடுக்கும் பின்வரிசை ஆட்கள்). லைன்பேக்கர்களும் பாஸைத் துரத்துவதற்காக எடை குறைந்துவிட்டார்கள். அவர்கள் மேல் 250 பவுண்டு ஆள் ஓடி வந்து மோதினால் யாருக்கு வலிக்கும்?

நாலாவதுடவுன்:
சரி, ஒப்புக்கு வைத்துக்கொள்வோம், முதல் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) உங்கள் ஆள் உதவுவார். மூன்றாவது டவுன், இன்னும் 7 யார்டு வேண்டும், அப்போது? பாதி அணிகள் ஃபுல்பேக்கை வெளியே எடுத்துவிட்டு ரிசீவரை உள்ளே அனுப்பும். ஆட்டம் தீர்மானமாகும் நேரத்தில் பெஞ்சில் இருப்பவர் எப்படி முக்கியமானவர் ஆவார்?

கரிபுழுதி:
கிக்ஆஃப், பன்ட் என்று பந்தை உதைக்கும் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் அவரை இறக்குகிறார்கள், அதையும் கணக்கில் சேருங்கள். அப்புறம் ஒரு சின்ன ஞாபகம்: 2020 பிப்ரவரி சூப்பர் பவுலில் 49ஆர்ஸின் முதல் டச்டவுனே யூஸ்செக் பிடித்த 15 யார்டு பாஸ்தான்.

நாலாவதுடவுன்:
அந்த ஆட்டத்தில் தோற்றது யார் என்றும் சொல்லிவிடுங்கள் 😀

கரிபுழுதி:
49ஆர்ஸ்தான், 31-20. கடைசி குவார்ட்டரில் 20-10 என்று முன்னால் இருந்தவர்கள், பந்தைக் கையில் கொடுத்து நேரத்தை ஓட்டாமல் எறிந்துகொண்டே இருந்தார்கள். அதற்கும் ஃபுல்பேக்தான் பொறுப்பா?